தாவும் கால்களும் சாத்திய கதவும்

ஒரு படத்தில் இரண்டு இளைஞர்கள் அந்தரத்தில் இருக்கிறார்கள். பந்து விளையாட்டின் நடுவே எழும்பிய கணம் அது. தாழ்ந்த கோணத்திலிருந்து எடுத்ததால், பின்னாலிருக்கும் பல மாடிக் கட்டடத்தையே தாண்டிக் குதிப்பதுபோல் தோன்றுகிறது. மற்றொரு படத்தில் ஆளே இல்லை. ஒரு கதவும் அதன்மேல் விழும் வெளிச்சமும் மட்டுமே இருக்கின்றன. முதலாவது, ஜெர்மனியின் டெசாவ் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளி வளாகத்தில் 1927 வாக்கில் டி. லக்ஸ் ஃபைனிங்கர் எடுத்தது. இரண்டாவது, அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரியில் 1948 வாக்கில் ஹேசல் லார்சன் ஆர்ச்சர் எடுத்த கதவுப் படங்களுள் ஒன்று.

இரண்டுமே ஒரு கல்லூரி வளாகத்தில் எந்த நாளும் கண்ணில் படக்கூடிய காட்சிகள். மாலையில் பையன்கள் பந்து விளையாடுவார்கள்; சாத்திய கதவின்மேல் வெயில் விழும். இருந்தும் இந்தப் படங்களின் முன் பார்வையாளர்கள் இன்றும் நின்றுவிடுகிறார்கள். அவர்களை நிறுத்துவது படத்துக்குள்ளேயே இருக்கும் பொருளா, அல்லது பின்னால் நடந்தவற்றை அறிந்த நாம் ஏற்றிவைக்கும் பொருளா? தனித்தனியே பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பது கடினம். இரு வளாகங்களின் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கையில் ஒன்று மற்றொன்றை விளக்கத் தொடங்குகிறது.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்க வரலாறே இடம் தருகிறது. பௌஹவுஸ் 1919இல் வைமாரில் தொடங்கி, 1925இல் டெசாவுக்குப் பெயர்ந்து, கடைசியில் பெர்லினில் 1933 ஜூலையில் நாஜி ஆட்சியின் நெருக்குதலால் கலைந்தது. பிளாக் மவுண்டன் அதே 1933இன் இலையுதிர் காலத்தில் திறந்தது. பௌஹவுஸில் கற்பித்த யோசெஃப் ஆல்பர்ஸும், அங்கே நெசவு பயின்ற அன்னி ஆல்பர்ஸும் அந்த ஆண்டு முடிவதற்குள் வட கரோலினா வந்து சேர்ந்தார்கள். பௌஹவுஸ் தன் 14 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,250 மாணவர்களைக் கண்டது. பிளாக் மவுண்டன் 1957இல் மூடும்வரையிலான 24 ஆண்டுகளில் ஏறத்தாழ 1,200 பேரைக் கண்டது. நம் ஊரின் பெரிய கலைக் கல்லூரி ஒன்றில் ஒரே ஆண்டில் படிப்பவர்களின் எண்ணிக்கை இதைவிட அதிகம். இவ்வளவு சிறிய இரு வளாகங்களிலிருந்து கடந்த நூற்றாண்டின் கலைக்கும் வடிவமைப்புக்கும் கிடைத்தவை ஏராளம். அவ்வளவும் விளைந்த இடத்தில் மனிதர்கள் எப்படி உட்கார்ந்தார்கள், எப்படி நின்றார்கள், ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள் என்று காட்டுபவை இந்தப் படங்கள்.

முதல் ஒற்றுமை, எடுத்தவர்கள் நின்ற இடத்தில் இருக்கிறது. ஃபைனிங்கர், பௌஹவுஸ் ஆசிரியரான ஓவியர் லியோனல் ஃபைனிங்கரின் கடைசி மகன். பதினாறு வயதில் அங்கே மாணவராகச் சேர்ந்தவர். மாணவர்களின் இசைக்குழுவில் வாசித்தவர். லார்சன் 1944ஆம் ஆண்டுக் கோடை வகுப்புக்கு பிளாக் மவுண்டன் வந்தவர். திரும்பவும் வந்து அங்கேயே படித்தவர். ஃபைனிங்கர் காமிராவைக் கையில் எடுத்தபோது பௌஹவுஸில் புகைப்படம் ஒரு பாடமாகவே இல்லை. வால்டர் பீட்டர்ஹான்ஸின் தலைமையில் அது பாடமானது 1929இல்தான். பிளாக் மவுண்டனிலும் லார்சன் வந்த காலத்தில் அதற்கென்று முழுநேர ஆசிரியர் கிடையாது. 1949இல் அந்தப் பொறுப்பை முதன்முதலாக ஏற்றவர் லார்சனே. ஆக, இருவருமே தம் வளாகத்தில் பாடத்திட்டத்துக்கு முந்திக்கொண்டவர்கள். யாரும் கேட்டு எடுத்துத் தந்த படங்கள் அல்ல இவை. தம்மோடு உண்டு உறங்கிய தோழர்களைத் தாமாகப் பார்த்து எடுத்தவை.

உள்ளிருந்து பார்ப்பதன் பயனை அறிய, அதே வளாகங்களில் வேறு நோக்கத்தோடு எடுத்த படங்களைப் பார்த்தால் போதும். டெசாவில் ஃபைனிங்கர் குடும்பம் வசித்த இரட்டை வீட்டின் மறுபாதியில் குடியிருந்தவர் லூசியா மொஹோலி. பௌஹவுஸ் கட்டடங்களையும் அங்கே உருவான விளக்குகளையும் பாத்திரங்களையும் பெரிய கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தவர் அவர். அந்தப் படங்களில் கோடுகள் துல்லியமாக இருக்கும். நிழல் அளந்து விழும். பெரும்பாலும் மனிதர் இருக்க மாட்டார்கள். உலகம் பௌஹவுஸை அறிந்தது அவர் கண்வழியாகத்தான். பிளாக் மவுண்டனுக்கும் கோடைதோறும் புகைப்படத் துறையில் பெயர் பெற்றவர்கள் வந்து போனார்கள். 1944இல் யோசெஃப் பிரைட்டன்பாக், பின்னர் பியூமண்ட் நியூஹால், 1951இல் ஆரன் சிஸ்கிண்டும் ஹாரி காலஹனும் வந்தார்கள். மொஹோலியின் படங்களில் பள்ளி தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கோடை விருந்தினர் கண்டது அதிகமும் கோடைக்காலக் கல்லூரியை. பள்ளி தன் போக்கில் இருந்த நேரங்களும், விருந்தினர் போன பிறகு வந்த மாதங்களும் ஃபைனிங்கருக்கும் லார்சனுக்கும்தான் வாய்த்தன.

இனி வேற்றுமை. ஃபைனிங்கரின் படங்களில் கட்டடம் ஓயாமல் வினைபுரிகிறது. வால்டர் குரோப்பியஸ் வடிவமைத்து 1926 டிசம்பரில் திறந்துவைத்த டெசாவ் கட்டடம் கண்ணாடியும் கான்கிரீட்டும் கொண்டது. அதன் பால்கனிகளில் மாணவர்கள் சாய்கிறார்கள், மொட்டை மாடியில் உடற்பயிற்சி செய்கிறார்கள், படிக்கட்டில் வரிசையாக நிற்கிறார்கள். ஓர் இளைஞன் தன் பள்ளிக் கட்டடத்தின்மீது இவ்வளவு உரிமையோடு ஏறி இறங்குவதைக் காண்பது இன்றும் வியப்பளிக்கிறது. புதிய கட்டடம் புதிய மனிதனை உருவாக்கும் என்பது பௌஹவுஸின் நம்பிக்கை. இந்தப் படங்கள் அதை மறுபக்கத்திலிருந்து சொல்கின்றன: மனிதர்கள் ஏறி விளையாடிய பிறகே அந்தக் கட்டடம் முழுமை அடைகிறது.

லார்சனின் படங்களில் கட்டடம் பின்வாங்கிவிடுகிறது. பிளாக் மவுண்டன் 1941இல் ஈடன் ஏரிக்கரைக்கு இடம் மாறியது. அங்கிருந்த நீண்ட கல்விக்கூடத்தை மாணவர்களும் ஆசிரியர்களும் தம் கையாலேயே கட்டினார்கள். பண்ணையில் வேலை செய்தார்கள். சமையலறையில் முறைவைத்து உழைத்தார்கள். தாம் கட்டிய கட்டடத்தின்மேல் ஏறி நின்று காட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லைபோலும். லார்சனின் காமிரா முகங்களை நெருங்குகிறது. ஆல்பர்ஸின் முகம், வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முகம், போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த முகாமிலிருந்து மீண்டு 1946இல் மாணவியாக வந்த ரூத் அசாவாவின் முகம் என ஒவ்வொன்றாக நெருங்குகிறது. ஃபைனிங்கர் தள்ளி நின்று, உடல் வெளியை எப்படி நிரப்புகிறது என்று பார்க்கிறார். லார்சன் கிட்ட வந்து, கவனம் ஒரு முகத்தை எப்படி நிரப்புகிறது என்று பார்க்கிறார்.

இந்த வேற்றுமையை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஃபைனிங்கரின் புகழ்பெற்ற ஒரு குழுப்படம். 1927இல் எடுத்த அதில், நெசவுப் பட்டறைப் பெண்கள் பௌஹவுஸ் படிக்கட்டில் மேலிருந்து கீழாக நிற்கிறார்கள். நம் கல்லூரிகளின் ஆண்டிறுதிக் குரூப் போட்டோவை நினைத்துக்கொள்வோம். முன்வரிசை நாற்காலிகளில் முதல்வரும் பேராசிரியர்களும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சுமேல் ஏறி நிற்கும் வரிசை என்று பதவியும் உயரமும் எல்லோருடைய இடத்தையும் தீர்மானித்துவிடும். ஃபைனிங்கரின் படத்தில் அந்த ஒழுங்கு கலைந்திருக்கிறது. பட்டறையை வழிநடத்திய குந்தா ஷ்டோல்ஸல், மாணவிகளோடு மாணவியாக ஒரு படியில் நிற்கிறார். யார் ஆசிரியர், யார் மாணவி என்பதைப் படம் சொல்வதில்லை. நாற்காலி இல்லாத குரூப் போட்டோ என்று இதை அழைக்கலாம்.

ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எல்லாப் பட்டறைகளும் எல்லோருக்கும் திறந்திருப்பதாக அறிவித்த பௌஹவுஸ், பெண்களைப் பெரும்பாலும் நெசவுக்கே அனுப்பியது. கண்ணாடி வேலையை விரும்பிய அன்னி ஆல்பர்ஸும் இப்படித்தான் தறிக்கு வந்தார். ஆகவே இந்தப் பெண்கள் ஒன்றாக நிற்பதற்கு அவர்களின் தோழமை ஒரு காரணம் என்றால், பள்ளி அவர்களை ஒரே அறைக்குள் தள்ளியது மற்றொரு காரணம். தோழமையையும் ஒதுக்கலையும் ஒரே படம் ஒருங்கே தாங்கி நிற்கிறது. இதை நாம் ஏற்றிச் சொல்லவில்லை. அந்தப் படியில் யார் நிற்கிறார்கள், யார் நிற்கவில்லை என்பதே போதுமான சான்று. அன்றாடப் படத்தின் ஆழம் இத்தகையது: எடுத்தவர் வலிந்து எதையும் சொல்லாதபோதும், நிறுவனத்தின் பழக்கம் படச் சட்டத்துக்குள் வந்து நின்றுவிடுகிறது.

லார்சனின் பக்கத்திலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. பிளாக் மவுண்டனில் கட்டாயப் பாடங்கள் கிடையாது. மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் வழக்கமும் கிடையாது. யாரை யார் அளப்பது என்ற கேள்வியே எழாத இடத்தில் ஒரு முகம் எப்படி இருக்கும்? லார்சனின் படங்களில் ஆசிரியர்களின் முகங்களும் மாணவர்களின் முகங்களும் ஒரே நெருக்கத்தில், ஒரே மரியாதையோடு வருகின்றன. டெசாவ் படிக்கட்டில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்தியதால் கிடைத்த சமத்துவம், வட கரோலினாவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே உற்றுப் பார்த்ததால் கிடைக்கிறது. வழிகள் எதிரெதிரானவை, சேர்ந்த இடம் ஒன்று.

இந்த ஒப்பீட்டில் எதிர்பாராத உறவு ஒன்று தாவலில் வெளிப்படுகிறது. ஃபைனிங்கரின் படத்தில் அந்தரத்தில் இருக்கும் இருவரில் ஒருவர் எரிஷ் கொன்சமியுல்லர்; மற்றவர் ஸான்டி ஷவின்ஸ்கி. அந்த ஷவின்ஸ்கி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஆல்பர்ஸின் அழைப்பில் பிளாக் மவுண்டனுக்கு ஆசிரியராக வந்தார். 1936 முதல் 1938 வரை அங்கே ஓவியமும் மேடைக்கலையும் கற்பித்தார். டெசாவில் மண்ணை விட்டு எழும்பிய கால்கள் வட கரோலினா மண்ணில் வந்து ஊன்றின. அவர் போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் லார்சன் அங்கே வந்தார். லார்சன் படம்பிடித்த தாவல்கள் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமுடையவை. 1948இலும், பிறகு 1952, 1953 கோடைகளிலும் கன்னிங்ஹாம் அந்த வளாகத்தில் தங்கினார். அவருடைய நடனக் குழு உருவானதும் 1953இல் அங்கேதான்.

இரண்டு தாவல்களையும் அருகருகே வைத்தால், பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருப்பவை பொருளில் எவ்வளவு விலகுகின்றன என்பது விளங்கும். ஷவின்ஸ்கியின் தாவல் கட்டடத்தோடு பேசுகிறது; பின்னால் இருக்கும் சுவரை எடுத்துவிட்டால் படத்தின் உயிரே போய்விடும். கன்னிங்ஹாமின் தாவல் தன்னோடு மட்டுமே பேசுகிறது. எங்கே நிகழ்ந்தாலும் அது அதுவே. ஃபைனிங்கருக்கு ஒரு கணம் போதும். அதைக் கோணத்தின் தந்திரத்தால் அவர் வேடிக்கையாக்கிவிடுகிறார். லார்சனோ ஓர் ஆடலை அடுத்தடுத்த படங்களாகப் பின்தொடர்கிறார். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு உடல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதே அவருடைய ஆர்வம். முன்னது விளையாட்டு, கலையைப்போல் தோன்றுகிறது. பின்னது கலை, அன்றாடப் பயிற்சியைப்போல் எளிமையாகத் தோன்றுகிறது.

இங்கே எளிதில் கைக்கு வரும் ஒரு விளக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. லார்சன் பத்து வயதில் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் துணைகொண்டு அந்த மலை வளாகத்தில் வாழ்ந்தவர். நடக்க இயலாதவரின் ஏக்கமே நடனப் படங்களானது என்று சொல்லிவிடத் தோன்றும். படங்கள் அதற்கு இடம் தருவதில்லை. அவற்றில் தெரிவது ஏக்கம் அன்று, துல்லியம். கன்னிங்ஹாமின் தசை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று அறிந்து காத்திருந்த கண் அது. ஃபைனிங்கரின் படங்களை வெறும் இளமைத் துள்ளல் என்று சுருக்குவதும் இதே தவறுதான். அந்தப் படங்களின் பின்னால், வெளிச்சத்தையும் கோணத்தையும் கணக்கிட்ட ஓர் ஓவியரின் மகன் இருக்கிறார். வாழ்க்கைக் குறிப்பு படத்துக்குள் நுழைய உதவும். படத்தைப் பார்த்து முடிக்கும் வேலையை அது செய்யாது.

தாவலில் கூடிய உறவு, பால்கனியிலும் கதவிலும் வேறு வடிவம் எடுக்கிறது. டெசாவ் வளாகத்தில் மாணவர்கள் தங்கிய பிரெல்லர்ஹவுஸில் 28 அறைகள் இருந்தன. அவற்றின் சின்னஞ்சிறு பால்கனிகள் தனிமைக்கு உகந்தவை அல்ல. ஒரு பால்கனியில் நிற்பவர் அடுத்ததில் நிற்பவரோடு பேசலாம், கீழே போகிறவரைக் கூப்பிடலாம், இறங்கியும் பார்க்கலாம். படங்களில் அவை நாடக அரங்கின் மேல்தட்டுகளைப்போலத் தோன்றுகின்றன. தனி அறையைக்கூடப் பொதுவெளியாக மாற்றிய வாழ்க்கை அது.

பிளாக் மவுண்டனில் இதற்கு நேர் எதிராக, பொதுவெளிக்கு நடுவே தனிமைக்கென்று ஓர் இடம் இருந்தது. கல்லூரியை நிறுவியவர்களுள் ஒருவரான தியோடர் ட்ரையரின் சிறுவயது மகன் 1941இல் விபத்தொன்றில் இறந்தான். அவன் நினைவாக அலெக்ஸ் ரீட் என்ற மாணவர் கல்லாலும் மரத்தாலும் ஒரு சிறு கட்டடத்தை எழுப்பினார். அமைதி இல்லம் என்று பொருள்படும் பெயர் அதற்கு. மதச் சின்னம் எதுவுமின்றி, யாரும் வந்து சும்மா இருப்பதற்காக அமைந்த இடம். லார்சன் திரும்பத் திரும்பப் படம்பிடித்தது இந்த இல்லத்தின் கதவுகளைத்தான். கதவு அதேதான்; வெளிச்சமும் கதவின் நிலையும் மாறிக்கொண்டிருக்கின்றன. லார்சனிடம் புகைப்படம் பயின்ற ராபர்ட் ரௌஷன்பெர்க் 1949இல் அதே இல்லத்தின் உள்ளே, வெயில் படும் இரண்டு நாற்காலிகளைப் படமாக்கினார். ஆசிரியர் வெளியே நின்று கதவைப் பார்த்தார். மாணவர் உள்ளே போய் நாற்காலிகளைப் பார்த்தார். இருவர் படங்களிலும் ஆள் இல்லை.

துக்கத்தில் பிறந்த இடத்தைப் படமெடுக்கையில் துக்கத்தைக் காட்டாமல் இருப்பது அரிய கட்டுப்பாடு. கதவின் கதையை அறியாதவருக்கு அது வெறும் கதவு; அறிந்தவருக்கும் அது முதலில் கதவுதான். இதே கட்டுப்பாட்டை, எதிர்த்திசையில், பௌஹவுஸ் படங்களிலும் பார்க்கிறோம். அவற்றில் சிரிப்பு இருக்கிறது; ஆனால் சிரிப்பு ஒரு செய்தியாக உயர்த்தப்படவில்லை. புதிய கல்வியின் மகிழ்ச்சி இதோ என்று எந்தப் படமும் பறைசாற்றுவதில்லை. அன்றாடத்தை அன்றாடமாகவே விட்டுவைக்கும் துணிவு இருவருக்கும் பொது.

நாம் ஏற்றும் பொருளைப் பற்றிய கேள்வியை இப்போது நேராக எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தொகுப்புகளின்மேலும் காலம் எதையோ பூசியிருக்கிறது. பூசிய நிறங்கள்தாம் வேறு. டெசாவ் படிக்கட்டில் நிற்கும் பெண்களுள் ஒருவர் ஓட்டி பெர்கர். துணியின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்த கலைஞர், யூதர், 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இதை அறிந்தபின் அந்தப் படிக்கட்டை முன்போலப் பார்க்க முடிவதில்லை. டெசாவ் பௌஹவுஸை மூடும் முடிவு வந்த 1932இல் முன்பு அங்கே கற்பித்த ஓவியர் ஒஸ்கர் ஷ்லெம்மர் அதே படிக்கட்டை ஓவியமாகத் தீட்டினார். இன்று அது நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பலர் நமக்கு முதுகு காட்டி மேலேறிப் போகிறார்கள். ஓவியம் இழப்பை அறிந்து வரையப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய புகைப்படத்துக்கு எந்த இழப்பும் தெரியாது. அதில் இருப்பவர்கள் நம்மை நேராகப் பார்க்கிறார்கள்.

பிளாக் மவுண்டன் படங்களின்மேல் படிந்திருப்பது புகழின் வெளிச்சம். கன்னிங்ஹாம், இசையமைப்பாளர் ஜான் கேஜ், ரௌஷன்பெர்க், அசாவா, ஃபுல்லர் என்று பின்னாளில் பெயர்பெற்றவர்களின் வரிசையாகவே அந்தப் படங்களை நாம் புரட்டுகிறோம். 1948 கோடையில் ஃபுல்லர் மாணவர்களோடு சேர்ந்து எழுப்ப முயன்ற முதல் பெரிய குவிமாடம் எழாமல் தரையிலேயே கிடந்தது. நியூஹால் அதைப் படமெடுத்தார். ஃபுல்லரின் குவிமாடங்கள் பின்னாளில் பெற்ற வெற்றி நமக்குத் தெரிந்திருப்பதால், அந்தத் தோல்வியும் நம் கண்ணுக்கு வெற்றியின் முன்னோட்டமாகத் தெரிகிறது. மண்ணில் கிடந்த பட்டைகளைச் சுற்றி நின்றவர்களுக்கோ அது ஒரு நாளின் ஏமாற்றம். மறுநாளும் வேலை இருந்தது.

ஆக, ஒரு தொகுப்பில் வரப்போகும் துயரமும், மற்றதில் வரப்போகும் புகழும் காட்சியை மூடிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நடந்ததைக் காணவிடாமல், நடக்கப்போவதைக் காட்டுகின்றன. துயரத்தை மறக்க வேண்டியதில்லை. ஓட்டி பெர்கரை மறப்பது அநியாயம். ஆனால் அவர் அந்தப் படியில் நின்றது பட்டறை வேலைக்கு நடுவே, தோழிகளோடு. அவருடைய மரணத்தை மட்டும் அங்கே பார்ப்பவர், அவரைக் கொன்றவர்கள் விட்டுவைத்ததைவிடக் குறைவாகவே பார்க்கிறார். அவருடைய ஒரு சாதாரண நாள் அந்தப் படத்தில் முழுமையாக இருக்கிறது. அந்த நாளை அவருக்குத் திருப்பித் தருவதுதான் நல்ல பார்வையாளரின் கடமை. கன்னிங்ஹாமுக்கும் இது பொருந்தும். புகழை விலக்கிப் பார்த்தால், கல்லூரி வளாகத்தில் உடலைப் பழக்கிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர் தெரிகிறார். புகழாரத்தைவிட அந்தக் காட்சி அவருக்கு அதிக மதிப்பைத் தருகிறது.

அன்றாடத்தின் இந்த மேன்மைக்குச் சான்றாக விந்தையான ஓர் உண்மை இருக்கிறது. 1952 கோடையில் பிளாக் மவுண்டன் சாப்பாட்டுக் கூடத்தில் கேஜ் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். இசை, நடனம், கவிதை, ஓவியம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிகழ்ந்தன. அமெரிக்க நிகழ்த்துகலை வரலாறு அதைத் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்றாகக் கொண்டாடுகிறது. அதன் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பார்த்தவர்களின் நினைவுகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆளில்லாத கதவுக்கோ தொடர்ச்சியான படங்கள் இருக்கின்றன. பெரிய நிகழ்ச்சியை எத்தனையோ பேர் எழுதிவிடுவார்கள். கதவின்மேல் விழுந்த வெளிச்சத்தை யாரும் எழுதிவைப்பதில்லை. படம் எடுக்காவிட்டால் அது போனதுதான். ஃபைனிங்கரின் பந்தாட்டத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும். டெசாவ் பாடத்திட்டம் அச்சில் இருக்கிறது; அங்கே உருவான நாற்காலிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வகுப்பு முடிந்த மாலை எப்படிக் கழிந்தது என்பதற்கு இந்தப் படங்களே ஆதாரம்.

எந்தக் கல்லூரியின் அன்றாடப் படத்தையும் அணுக இந்த ஒப்பீடு ஒரு முறையைத் தருகிறது. முதலில், அங்கே இருந்ததை மட்டும் பார்க்க வேண்டும்: யார் எங்கே நிற்கிறார், எது திறந்திருக்கிறது, யார் இல்லை. அடுத்து, எடுத்தவரின் முடிவைப் பார்க்க வேண்டும்: ஏன் கீழிருந்து, ஏன் இவ்வளவு நெருங்கி, ஏன் அதே கதவை மறுபடியும். காலம் சேர்த்ததைக் கடைசியில்தான் உள்ளே விட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், படம் நமக்கு முன்பே தெரிந்ததை எதிரொலிக்கும் சுவராகிவிடும். வரிசையைக் காத்தால், நெசவுப் படிக்கட்டில் தோழமையும் ஒதுக்கலும், கதவில் துக்கமும் அடக்கமும் தாமாகவே வெளிப்படும்.

இந்த மூன்று படிகளுக்கும் அடியில் எளிய ஒரு செயல் இருக்கிறது. படிக்கட்டில் நிற்கும் பெண்களை நாம் அறிவது, யாரோ அவர்களின் பெயர்களை அக்கறையோடு காத்துவைத்ததால். அதே பௌஹவுஸில் கொன்சமியுல்லர் எடுத்த புகழ்பெற்ற படமொன்றில், எஃகுக் குழாய் நாற்காலியில் ஷ்லெம்மரின் முகமூடி அணிந்த பெண் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் யார் என்பதற்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள், தீர்ப்பு இல்லை. பிளாக் மவுண்டன் கதவு யாருடைய நினைவுக்கான இல்லத்தின் கதவு என்று தெரிந்ததால்தான் அந்தப் படம் இன்னும் ஓர் அடுக்கு ஆழம் பெறுகிறது. பெயரும் இடமும் ஆண்டும் பொருளின் எதிரிகள் அல்ல. ஆழத்துக்குள் இறங்கும் முதல் படி அவையே.

நம் கல்லூரிகளிலும் விடுதிப் படிக்கட்டு, கேன்டீன் மேசை, பேருந்து நிறுத்தம், நூலகத் திண்ணை என்று ஆயிரக்கணக்கான படங்கள் பெட்டிகளிலும் கைப்பேசிகளிலும் கிடக்கின்றன. பட்டமளிப்பு விழாப் படங்களைக் கல்லூரிகள் காத்துக்கொள்ளும். மற்றவற்றைக் காப்பது அவற்றில் இருப்பவர்களின் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் யார், எங்கே, எந்த ஆண்டு என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அதில் எது ஒரு நிறுவனத்தின் பழக்கத்தை வெளிப்படுத்தும், எது ஒரு மனிதரின் ஒரு நாளைத் திருப்பித் தரும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. டெசாவ் மாணவனுக்கும் வட கரோலினா ஆசிரியைக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமலேயே, பார்ப்பதற்குத் தகுந்தது என்று நம்பி எடுத்தார்கள். அந்த நம்பிக்கை சரியானது என்பதற்கு இரு வளாகங்களும் சான்று.